பாதிரி மேசை காய்ந்திருந்தது

அக்டோபர் 22, செவ்வாய்

பதினோராம் வகுப்புக்குக் கடல் நீரோட்டம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி தூங்கினாள். எழுப்பவில்லை. லிஸ்பனில் நான் வேலை பார்த்த கடல் ஆய்வு அலுவலகத்தில் என் அறிக்கைகளையும் இப்படித்தான் தூங்கிக்கொண்டே படித்தார்கள். பிறகு எனக்கு வரவேண்டிய நாற்காலியில், வாழ்நாளில் ஒரு தடவை கூடக் கடலில் கால் நனைக்காத ஒருவனை உட்கார வைத்தார்கள். நான் ஊருக்குத் திரும்பி வாத்தியாரானேன்.

சாயங்காலம் ஒடெட்டின் காபிக்கடைச் சுவரில் புது அறிவிப்பு. தூண்டில் சங்கத்தின் சார்கு மீன் போட்டி, நவம்பர் 3, ஞாயிறு. இடம்: பாதிரி மேசை, செங்குத்துக் கரைக்கு அடியில் கிடக்கும் தட்டைப் பாறை. தலைவர்: வெனான்சியோ. 'கடல் பார்ப்பவர்' என்று ஒரு வரி இருக்கும், அதில் என் பெயர் இருக்கும். அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.

ஜெசூயினோ கிழவர் மூலையிலிருந்து குரல் கொடுத்தார். "வாங்க பிரளயம்! குடை கொண்டாந்தீங்களா?"

ஒடெட் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வருடமாக இதே நகைச்சுவை. ஒரு புதிய வார்த்தைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

பாதிரி மேசைக்குத் தனியாகப் போனேன். மூன்று சார்கு. ஒன்று நல்ல கனம்.

இந்த மீனோடு பிரச்சினையே இதுதான். கடல் அமைதியாக இருந்தால் வராது. அலை பாறையில் உடைந்து வெள்ளையாக நுரைக்கும்போதுதான் அந்த நுரைக்குள் மேய வரும். நுரை இல்லாத கடலில் நிற்பது வீண். நுரை அதிகமான கடலில் நிற்பது சாவு. நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது.

இந்தக் கரையில் எல்லோரும் நம்புவது ஈரத்தை. பாறையில் எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை அலை வருகிறது. அதற்கு மேலே காய்ந்த இடத்தில் நில். போட்டி நாளில் வயதில் மூத்தவர் முதலில் இறங்கி, நிற்கப் போகிற இடத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் கையை உயர்த்துவார். எல்லோரும் இறங்குவார்கள். மோசமான வழக்கம் இல்லை. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எப்போது தப்பாகும் என்று யாரும் யோசித்ததில்லை.

இரண்டு வருடம் முன்பு நான் யோசித்தேன். வானிலை வரைபடத்தில் பெரிய அலை வருவது தெரிந்தது. போட்டியை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். லாகோஷிலிருந்தும் ஒதெமீராவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். புயல் வடக்கே திரும்பிவிட்டது. அன்று முழுக்கக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. மதிய விருந்தில் வெனான்சியோ எழுந்து கோப்பையைத் தூக்கினான். "நம்ம உயிரையெல்லாம் காப்பாத்தின பிரளயத்துக்கு!" நாற்பது பேர் சிரித்தார்கள். என் தங்கை கிராசாவும் சிரித்தாள். அவள் அவனைக் கட்டிக்கொண்டவள், சிரிக்காமல் என்ன செய்வாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

பள்ளி முடிந்து வந்ததும் வரைபடம் பார்த்தேன். கிரீன்லாந்துக்குக் கீழே ஒரு புயல். மிகத் தொலைவு. இங்கே மேகம்கூட வராது. ஆனால் அதன் அலை வரும். ஞாயிறு காலை வாக்கில், அலைக்கும் அலைக்கும் இடையே பதினெட்டு நொடி இடைவெளியோடு.

பதினெட்டு நொடி. ஆழத்திலிருந்தே எழுந்து வருகிற அலை அது. உயரம் பெரிதாகத் தெரியாது. பாறையில் ஏறும்போதுதான் தெரியும்.

அதோடு ஞாயிறன்று கரைக்காற்று. நிலத்திலிருந்து கடலை நோக்கி, காய்ந்த சூடான காற்று. கடலின் மேல் தோலை அது தட்டையாகத் தேய்த்துவிடும். பார்க்கிறவர்களுக்குக் குளம் மாதிரி இருக்கும்.

சொல்வதா?

இந்தப் புயலும் திரும்பிவிட்டால்?

நவம்பர் 1, வெள்ளி

புனிதர்கள் திருநாள். அப்பா அம்மா கல்லறையைக் கிராசா தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வெனான்சியோ செவ்வந்திப் பூந்தொட்டிகளை வண்டியிலிருந்து இறக்கினான். எனக்கு ஒன்றைக் கொடுத்து, "மச்சான், பாத்து வை, காத்துல விழுந்துடப் போகுது," என்றான். காற்றே இல்லை. அதுதான் நகைச்சுவை.

அவன் தண்ணீர் பிடிக்கப் போனதும் கிராசா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை கடல் எப்படி?"

"ஏன்?"

"சும்மாதான். இந்தத் தடவை ஜெயிச்சே ஆகணும்னு குதிச்சுட்டிருக்கார். மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் விருந்தில் அவள் சிரித்தது — வாய்க்குக் கை வைக்கக்கூட இல்லை — அது முன்னால் வந்து நின்றது.

"கடல் பாக்குறதெல்லாம் இப்ப உன் வீட்டுக்காரர்தானே. அவரைக் கேளு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சரி," என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மறுபடி வரைபடம் பார்த்தேன். புயல் திரும்பவில்லை. திரும்பினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேனா, திரும்பாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேனா? இதை எழுதியபின் அடுத்த வரி எழுத வரவில்லை.

நவம்பர் 2, சனி

முடியவில்லை. மதியம் காபிக்கடைக்குப் போனேன். வெனான்சியோ, ஜெசூயினோ, இன்னும் நாலு பேர். மேசையில் போட்டிக்கான துண்டுச் சீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எந்த இடம் என்று நாளைக்குத் தொப்பியிலிருந்து எடுப்பதற்கு.

உட்காராமலே சொன்னேன். "நாளைக்குப் பாதிரி மேசை வேண்டாம். மேலே ஆட்டுப்படிப் பாறையில வைங்க."

ஜெசூயினோ மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். "நோவா கப்பல்ல என் செருப்பை விட்டுட்டேன், எங்கே காணோம்?"

சிரிப்பு.

வெனான்சியோ மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். பொறுமையாக, நோயாளியிடம் பேசுவதுபோல் பேசினான். "மச்சான், நாளைக்குக் காத்து எங்கேர்ந்து?"

"கரையிலேர்ந்து."

"கரையிலேர்ந்து. அலை உயரம் என்ன?"

"ரெண்டு மீட்டர். ஆனா உயரம் இல்லை விஷயம், இடைவெளிதான். பதினெட்டு நொடி. கூட்டமா வரும், நடுவுல ரொம்ப நேரம் ஒண்ணுமே வராது, நீங்க நினைப்பீங்க..."

"ஆட்டுப்படியில நின்னா தூண்டில் நுரைக்கு எட்டாது. மீன் வேண்டாமா? மீன் இல்லாத மீன் போட்டியா?"

"உயிர்..."

"போன தடவையும் உயிர்னுதான் சொன்னே." சீட்டு மடிப்பதைத் தொடர்ந்தான். "காலையில ஜெசூயினோ இறங்கிப் பாப்பார். காய்ஞ்சிருந்தா இறங்குவோம். ஈரமா இருந்தா நீ சொன்ன மாதிரி ஆட்டுப்படி. நியாயம்தானே?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது.

கிராசாவுக்குப் போன் பண்ணலாமா? பண்ணினால், என்னிடம் தோற்ற பேச்சைப் பெண்டாட்டி மூலமாகக் கொண்டுவருகிறான் என்பான். கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

(காலை.) கரைக்காற்று. இளஞ்சூடு. கடல் குளம். நான் போகிறேன். இறங்க அல்ல, மேலே நின்று பார்க்க.

(மாலை.) எழுத்து கோணலாக வருகிறது. நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்றேன். ஜெசூயினோ முதலில் இறங்கினார். கடைசிப் பகுதியில் பாறையில் அடித்த இரும்பு முளையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதைப் பிடித்து மேசையில் கால் வைத்தார். குனிந்து உள்ளங்கையால் தடவினார். "எலும்பு மாதிரி காய்ஞ்சிருக்கு!" என்று கையை உயர்த்தினார். மற்ற பதினோரு பேரும் இறங்கினார்கள். சாளை மீனை மசித்து மணலோடு பிசைந்து தண்ணீரில் எறிந்தார்கள். விசில். தூண்டில்கள் வீசப்பட்டன. இனி அடுத்த விசில் வரை இடத்தை விட்டு நகர்ந்தவன் போட்டியில் இல்லை.

முதல் கூட்டம் சீக்கிரமே வந்தது. மூன்று அலை. மேசையின் விளிம்பு வரை ஏறி, ஓரத்தை நனைத்து இறங்கியது. நல்ல நுரை. கீழே உற்சாகக் கூச்சல், இரண்டு மூன்று பேருக்கு மீன் மாட்டியது. பிறகு ஒன்றும் இல்லை. குளம். வெயில், காற்று. நான் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக இருந்த ஓரம் சாம்பலாகி, வெளுத்து, காய்ந்தே போய்விட்டது. அலை வந்த அடையாளமே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. இரவெல்லாம் கணக்குப் போட்டவனுக்கு இது தோன்றவில்லை. இரண்டு கூட்டத்துக்கு நடுவே பாறை காய்வதற்கு நேரம் இருக்கிறது. ஜெசூயினோ தொட்டபோது காய்ந்திருந்தது, அலை எட்டாததால் அல்ல. காற்று துடைத்துவிட்டதால்.

இரண்டாவது கூட்டம் கணுக்கால் வரை நனைத்தது. ஒருவன் வழுக்கி உட்கார்ந்து சிரித்தான். வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் நேரம். மறுபடி குளம். மறுபடி காய்ந்தது.

கத்தினேன். "மேலே வாங்க! அடுத்தது பெரிசு!" ஜெசூயினோ திரும்பி, நீச்சல் அடிப்பதுபோல் இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினார்.

அலையை நம்பமாட்டார்கள். எதை நம்புவார்கள்? என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை:

"கடற்போலீஸ் ஜீப்! லைசென்ஸ் பாக்குறாங்க!"

அப்படி ஒரு வேகத்தை நான் அந்தப் பாதையில் பார்த்ததில்லை. பாதிப் பேருக்கு இந்த வருட லைசென்ஸ் இல்லை. மீதிப் பேரின் பையில் சட்ட அளவுக்குக் குறைந்த மீன். தூண்டிலைச் சுருட்டக்கூட இல்லாமல் கயிற்றில் தொற்றினார்கள். அறுபத்தெட்டு வயது ஜெசூயினோ வாலிபன்போல் மேலே வந்து, மூச்சு வாங்க, "எங்கே, எந்தப் பக்கம்?" என்றார். என் பின்னால் ஒளியப் பார்த்தார்.

வெனான்சியோ மட்டும் வரவில்லை.

கீழே மேசையின் நடுவில் நின்று, சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்து மேலே ஆட்டிக் காட்டினான். அவனிடம் லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. சங்கத் தலைவர் அல்லவா. அதை நான் யோசிக்கவில்லை.

இறங்கினேன். கயிற்றின் அடியில், ஒரு காலை மேசையில் வைத்து நின்றேன்.

"மேலே வா."

"வரச் சொல்லு அவங்களை. காட்டுறேன்."

"ஜீப் இல்லை."

"தெரியும் மச்சான்." தூண்டிலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உனக்குப் பொய் சொல்ல வராது. அவங்கதான் நம்பிட்டானுங்க. இப்ப மேசை முழுக்க எனக்கு. அதுக்கு உனக்குத்தான் நன்றி சொல்லணும்."

"இடத்தை விட்டுப் போனா போட்டியில இல்லைன்னா நானே சங்கத்துல பேசி உனக்குக் கோப்பையை வாங்கித் தர்றேன். வாடா."

"காலடியப் பாரு. காய்ஞ்சிருக்கு."

பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அவனுடைய பூட்ஸுக்குக் கீழே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு நொடி — எழுதத்தான் வேண்டும் — ஒரு நொடி நான் இரண்டு வருடம் முந்தைய விருந்தில் இருந்தேன். இந்தப் புயலும் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். மேலே நிற்கிற பதினோரு பேரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தேன்.

அப்போது மேசைக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. சாதாரணமாக இறங்குவதுபோல் இல்லை, நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. நான் வாழ்நாளில் வெளிச்சத்தில் பார்க்காத பாசியெல்லாம் தொங்கிச் சொட்டியது. வெனான்சியோவும் பார்த்தான். தூண்டிலைக் கீழே போட்டான். அவன் மேல்கோட்டின் பட்டையைப் பிடித்து இழுத்தேன். முதல் அலை இடுப்பளவு. கயிற்றில் என் கை இருந்தது. இரண்டாவதில் அவன் என் பிடியை விட்டுப் போனான். அந்தக் கோட்டுப் பட்டை இன்னும் என் உள்ளங்கையில் இருப்பது மாதிரியே இருக்கிறது.

தண்ணீர் வடிந்தபோது அவன் கடலில் இல்லை. மேசைக்கும் முளைக்கும் நடுவிலிருந்த பிளவில் தொடை சிக்கிக் கிடந்தான். எலும்பு முறிந்த கால்தான் அவனைப் பிடித்து வைத்திருந்தது. மூன்றாவது அலை எங்கள் தலைக்கு மேல் போயிற்று. அதன் பிறகு ஜெசூயினோவின் குரல், என் காதுக்குப் பக்கத்தில், கெட்ட வார்த்தையாகக் கொட்டிக்கொண்டு. எல்லோரும் இறங்கியிருந்தார்கள். ஒருவர் விடாமல். தூக்கினோம்.

தீயணைப்பு ஆட்கள் கயிற்றுப் படுக்கையில் அவனை மேலே கொண்டுபோகும்போது மறுபடி பார்த்தேன். பாறை காய்ந்துகொண்டிருந்தது.

நவம்பர் 4, திங்கள்

போர்ட்டிமாவோ ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பான்.

கிராசா நடைவழியில் நின்றிருந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

"கேட்டேன்ல?" என்றாள். "கல்லறையில வச்சுக் கேட்டேன்ல? உனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அவரைக் கதவைப் பூட்டி வச்சிருப்பேன். நாங்க சிரிச்சாக் கூடப் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணா?"

பஸ்ஸில் வந்தேன். காரை அங்கேயே விட்டுவிட்டேன் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

நவம்பர் 9, சனி

கிராசா போனை எடுக்கவில்லை. நான் காபிக்கடைக்குப் போகவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

ஜெசூயினோ பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் முன்னால், "ஜீப்புன்னு பொய் சொன்னதுக்கு உன்னை உதைக்கணும், வாத்தியாரே. என் மீன் பை கீழே போச்சு. நாலு சார்கு," என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். போய்விட்டார்.

ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்களாம். ஒடெட் சொன்னாள். நான்தான் காப்பாற்றினேன் என்று ஒன்று. நான் கீழே இறங்கிப் பேச்சுக் கொடுக்காமலிருந்தால் அவன் அலையைப் பார்த்து ஏறியிருப்பான் என்று ஒன்று. இரண்டாவதை யார் சொன்னது என்று கேட்டேன். கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "விடுங்க சார்," என்றாள். விட்டேன். முன்பென்றால் விட்டிருக்க மாட்டேன். பெயரை எழுதி வைத்திருப்பேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அவன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டுப் போனேன். கிராசா கதவைத் திறந்தாள். "உக்காரு," என்றாள். சூப்பை முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முட்டைக்கோஸ் சூப், அம்மா செய்வதுபோல் சோரிசோ தொத்திறைச்சி அதிகமாகப் போட்டு.

வெனான்சியோ சாய்வு நாற்காலியில், காலை ஸ்டூலில் நீட்டி. மெலிந்திருந்தான்.

"அந்த ரெண்டாவது அலையில," என்று தொடங்கினான், "நீ விட்டியா, நான் நழுவினேனா?"

"தெரியலை."

காலை ஸ்டூலில் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். "எனக்கும் தெரியலை." பிறகு, "அடுத்த போட்டி ஜனவரியில வைக்கச் சொல்லிட்டேன். நான் இருக்க முடியாது. கடல் பாக்க யாரையாவது போடணும்."

என்னைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. சூப்பை முடித்தேன். கிளம்பும்போது கிராசா ஒரு பாத்திரத்தில் மீதி சூப்பைக் கொடுத்தாள். "பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டா," என்றாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது. ஆனால் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள்.

டிசம்பர் 14, சனி

வடமேற்கு அலை, இரண்டு நாளாகத் தணிந்துகொண்டிருக்கிறது. நுரை இருக்கும். விடிந்ததும் பாதிரி மேசைக்குப் போனேன். அன்றைக்குப் பிறகு முதல் தடவை.

மேலே மண் திடலில் ஏற்கெனவே ஐந்தாறு கார்கள். எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், தூண்டில் கூரையில் கட்டியபடி. ஒருவரும் இறங்கவில்லை. ஜெசூயினோ கண்ணாடியை இறக்கி, "ரொம்பக் குளிருது," என்றார். நான் எதுவும் கேட்கவே இல்லை.

விளிம்பில் நின்று பார்த்தேன். ஒரு கூட்டம் வந்து போனது. மேசைக்கு நன்றாகக் கீழேயே நின்றுவிட்டது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அதற்கடுத்ததற்கும். பிளாஸ்க்கில் இருந்த காபி ஆறிவிட்டது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கலாம் என்று தோன்றியது. தோன்றியபின்னும் இன்னொரு கூட்டத்தைப் பார்த்தேன். முன்பெல்லாம் நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்றுதான் கடலைப் பார்ப்பேன்.

தூண்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கத் தொடங்கினேன். பின்னால் ஒரு கார்க் கதவு திறந்து மூடியது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம்.

பாதி வழியில் நின்று கடலை இன்னொரு தடவை பார்த்தேன். என் பின்னால் வந்த சத்தமும் நின்றது.